குறை குறைந்ததும் பேச்சும் குறைந்தது

ரெப்ளிகா வாட்ச் என்பது, புகழ்பெற்ற நிறுவனத்தின் கைக்கடிகாரத்தைப் பெயர், முத்திரை உட்பட அப்படியே பார்த்துச் செய்த நகல். சீனாவின் குவாங்சோ நகரம் இந்த வணிகத்தின் பெரிய மையம். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய சான்சி சாலைச் சந்தை இதற்குப் பேர்போனது. வாங்குவோரில் பலருக்குப் பகட்டுதான் நோக்கம். நகல் என்று தெரிந்தே வாங்கிச் சேர்த்து, அசலோடு ஒப்பிட்டு ஆராயும் சிறு கூட்டமும் உண்டு. அந்தச் சேகரிப்பாளர்களிடையே ஒரு காலத்தில் ஓயாமல் நடந்த விவாதம் மெலிந்துவிட்டது. முதன்மையான காரணம் கடிகாரங்களுக்குள்ளேயே இருக்கிறது.

விவாதத்துக்குத் தீனி போட்டவை குறைகள்தாம். அதிகம் நகலெடுக்கப்படும் ரோலெக்ஸ் சப்மரினரையே எடுத்துக்கொள்ளலாம். மலிவான நகல் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்; அதன் முள் விநாடிக்கொரு முறை குதிக்கும். அசலின் ஆட்டோமேட்டிக் இயந்திரம் மணிக்கு 28,800 முறை, அதாவது விநாடிக்கு எட்டு முறை துடிப்பதால் முள் வழுக்கிப் போவதுபோல் தெரியும். அடுத்த படியில் வந்த பல சீன ஆட்டோமேட்டிக்குகள் விநாடிக்கு ஆறு முறை துடித்தன. அந்த வித்தியாசத்தை வெறுங்கண்ணால் பிடிப்பவருக்கு வட்டாரத்தில் தனி மதிப்பு. தேதியைப் பெரிதாக்கும் லென்ஸ் அசலில் இரண்டரை மடங்கு. நகல்களில் பெரும்பாலும் குறைவு. பின்மூடி கண்ணாடியாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, சப்மரினருக்கு உலோக மூடிதான்.

பிறகு இயந்திரமே மாறியது. சுவிட்சர்லாந்தின் ஈட்டா 2824 இயந்திரத்துக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், தியான்ஜின் சீகல் போன்ற நிறுவனங்கள் அதே அமைப்பில் சட்டப்படியே இயந்திரம் செய்கின்றன. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. புதுப்பித்து வரும் வணிகக்குறிக்கு முடிவில்லை. டயலில் பிறர் பெயரை அச்சிடும்போதுதான் கடிகாரம் போலியாகிறது. இந்த இயந்திரங்களால் துடிப்பு ஒத்துப்போனது, தடிமன் ஒத்துப்போகவில்லை. 2824 வெறும் 4.6 மி.மீ.; சப்மரினரில் 1988 முதல் இருந்த ரோலெக்ஸ் 3135 சுமார் 6 மி.மீ. மெலிந்த இயந்திரத்தை வைத்தால் உறையின் கனமும் சாவித் திருகின் இடமும் தடுமாறும். சேகரிப்பாளர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கடைசியில் 3135-ஐயே பார்த்துச் செய்த சீன இயந்திரங்களும் வந்தபோது அந்தப் பக்கங்களும் தேவையற்றுப் போயின.

இப்போது எஞ்சியிருப்பவை பூதக்கண்ணாடியில் மட்டும் தெரியும் எழுத்தின் விளிம்பு, பற்சக்கரத்தின் மெருகு போன்றவை. இவற்றைப் பேசச் சிலரே போதும்.

வெளியிலிருந்தும் போட்டி வந்தது. பழைய வடிவத்தைத் தழுவித் தன் சொந்தப் பெயரில் விற்கும் ‘ஹோமேஜ்’ வாட்ச்கள், ஆசையைச் சட்டத்துக்கு உட்பட்டே தீர்த்துவைக்கின்றன. 2022 மார்ச்சில் ஸ்வாட்ச், ஒமேகாவோடு சேர்ந்து அதன் ஸ்பீட்மாஸ்டர் வடிவில் மூன்ஸ்வாட்சைச் சுமார் 250 சுவிஸ் பிராங்குக்கு வெளியிட்டபோது கடை வாசல்களில் தள்ளுமுள்ளு. அசல் நிறுவனமே மலிவாகத் தரும்போது நகலின் கவர்ச்சி குறையத்தானே செய்யும்! அதே ஆண்டு டிசம்பரில் ரோலெக்ஸ், பயன்படுத்திய கடிகாரங்களுக்குத் தானே சான்றளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நகல் கூர்மையாகக் கூர்மையாக, பழைய அசல் வாங்குவோருக்கு அத்தகைய சான்று அவசியமாகிவிட்டது.

பேச்சு முழுவதும் அற்றுப்போகவில்லை. கெட்டுப்போன ரெப்ளிகாவை அசல் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் தொடாது. நகல் இயந்திரங்கள் பலவற்றுக்கு உதிரி பாகமும் எளிதில் கிடைக்காது. எந்தச் சக்கரம் எதற்குப் பொருந்தும், எண்ணெய் எங்கே இட வேண்டும் என்ற கேள்விகளோடு பழையவர்கள் சிலர் இன்னும் வருகிறார்கள்.