பித்தப்பை இல்லாத வயிறு

பித்தப்பையில் கல் என்று அறுவை செய்து பையையே எடுத்துவிட்டார்கள். இனி எண்ணெய்ப் பண்டத்தைத் தொடவே கூடாதா? விருதுநகரில் வாழ்பவருக்கு இது சின்னக் கேள்வி அன்று. எண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன ஊர். பரோட்டாவைக்கூட எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஊர். "பை போனால் ஒன்றும் ஆகாது" என்கிறார் ஒருவர். "வாழ்நாள் முழுதும் கஞ்சிதான்" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரியல்ல. ஏன் என்று அறியப் பித்தநீரின் வேலையை முதலில் பார்ப்போம்.

கொழுப்பைச் செரிக்கும் நொதி கணையத்திலிருந்து வருகிறது. அது நீரில் கரைந்தது. எண்ணெயோ நீரோடு கலவாதது. ஆகவே எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் மட்டுமே நொதி வேலை செய்ய முடியும். பரப்பு பெருகினால் செரிமானமும் விரைவாகும். சிவகாசிக்காரர்களுக்கு இது புதிதல்ல. அலுமினியப் பாத்திரத்தை நாள்தோறும் அடுப்பில் வைக்கிறோம், அது தீப்பற்றுவதில்லை. அதே அலுமினியத்தை நுண்ணிய தூளாக்கிப் பட்டாசு மருந்தில் சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் ஒளியுடன் நொடியில் எரிகிறது. பொருள் ஒன்றே, பரப்புதான் வேறு.

கணக்கிட்டும் பார்க்கலாம். 1 செ.மீ. விட்டமுள்ள எண்ணெய் உருண்டையை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் ஒரு லட்சம் கோடி துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்போ 10,000 மடங்காகும். இப்படி உடைக்க உதவுபவை பித்த உப்புகள். இவற்றின் மூலக்கூறில் ஒரு பக்கம் நீரை நாடும். மறுபக்கம் கொழுப்பை நாடும். துளியைச் சூழ்ந்துகொண்டு பரப்பு இழுவிசையைக் குறைத்து, உடைந்த துளிகள் மீண்டும் ஒன்றுசேராமல் தடுக்கும். எண்ணெய்த் தலையில் சீயக்காய் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே.

பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை அன்று, கல்லீரல். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை வெறும் தொட்டி. 30 முதல் 50 மி.லி. வரை கொள்ளும், அதிலுள்ள நீரை உறிஞ்சிப் பித்தத்தைப் பல மடங்கு செறிவாக்கி வைத்திருக்கும். கொழுப்பு சிறுகுடலை எட்டியதும் சுருங்கி அதை வெளியேற்றும். மாடித் தொட்டியை எடுத்துவிட்டால் குழாயில் தண்ணீர் நின்றுவிடாது. நூலளவாக இரவும் பகலும் வரும். ஆனால் ஒரே சமயத்தில் பத்துக் குடம் கேட்டால் கிடைக்காது.

குதிரைக்கும் எலிக்கும் புறாவுக்கும் பிறவியிலேயே பித்தப்பை இல்லை. குதிரை நாள்முழுதும் சிறுகச் சிறுக மேய்கிறது, தொட்டி தேவைப்படவில்லை. (மாடும் மேய்கிறதே, அதற்கு இருக்கிறதே என்பீர்கள். இயற்கை எப்போதும் நம் விளக்கத்துக்கு அடங்குவதில்லை!)

மனிதரில் பித்தப்பையை முதன்முதலாக அறுவை செய்து அகற்றியவர் பெர்லினில் கார்ல் லாங்கன்புக், ஆண்டு 1882. சிறு துளைகள் வழியே செய்யும் முறையை 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் தொடங்கிவைத்தார். பெரும்பாலோர் சில வாரங்களில் பழைய உணவுக்கே திரும்பிவிடுகிறார்கள். சிலருக்குத்தான் தொல்லை நீடிக்கிறது.

அதன் காரணம் இது. பித்த உப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. தொட்டியில்லாமல் ஓயாது ஒழுகும்போது சிலருக்கு மிச்சம் பெருங்குடலுக்குள் போய்விடும். அங்கே அது குடற்சுவரிலிருந்து நீரைச் சுரக்க வைக்கும். விளைவு, அடக்க முடியாத வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் காலையில் அல்லது சாப்பிட்டவுடன்.

பட்டாசு ஆலைக்குக் காலையிலேயே பேருந்து ஏறுபவரின் பாட்டை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கைக் கூலி, எழுந்து எழுந்து போனால் வருமானம் குறையும். வெறும் வயிற்றோடு போய்விட்டு, மாலையில் வயிறு முட்டச் சாப்பிடலாம் என்று தோன்றும். தொட்டியில்லாத வயிற்றுக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு கிடையாது. காலையில் இரண்டு இட்லி, இடையில் ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ, மதியம் அளவான சோறு எனப் பிரித்துண்பதே நல்லது. எண்ணெயையும் அப்படியே பிரிக்க வேண்டும். பரோட்டா ஒன்று பெரும்பாலும் செரிக்கும்; நான்கும் சால்னாவும் ஒரே இருக்கையில் வேண்டாம். கொழுப்பை அடியோடு விலக்குவதும் தவறு. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைந்தே உடலில் சேர்கின்றன. காப்பி சிலருக்குத் தொல்லையைக் கூட்டும், குறைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மிஞ்சிய பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்னும் தூள் உண்டு. மற்ற மாத்திரைகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் அவர் சொல்லும் நேர இடைவெளியில்தான் உண்ண வேண்டும். கண் மஞ்சளாதல், மலம் வெளுத்தல், குளிர்காய்ச்சல், வலப்புற மேல்வயிற்றில் கடும்வலி ஆகியவை கண்டால் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.