ஏலத்துக்கு வரும் வீடு: மனைவிக்கு எப்போது தெரியும்?

வீட்டுக் கடன் தவணை தவறினால் வீட்டைக் காப்பாற்றச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால், யாரிடம் விஷயத்தை மறைக்கிறார்களோ அவர் கையில்தான் அதில் பாதி இருக்கிறது.

நாளிதழில் அந்தப் பக்கத்தை யாரும் நின்று படிப்பதில்லை. 'சுவாதீன அறிவிப்பு' என்ற தலைப்போடு பொடி எழுத்தில் கட்டம் கட்டமாக வரும் பக்கம் அது. கடன்தாரர் பெயர், இணைக் கடன்தாரர் பெயர், பாக்கித் தொகை, கீழே சொத்து விவரம். 'வடக்கே 20 அடி ரோடு, கிழக்கே அடுத்தவர் மனை' என்று செக்குபந்தி போட்டு முடித்திருப்பார்கள். ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். பல கட்டங்களில் இரண்டாவது பெயர் பெண்ணுடையதாக இருக்கும். பக்கத்தில் 'க/பெ' என்று போட்டு, மேல் வரியில் இருக்கும் அதே ஆண் பெயர்.

கடன் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் வீட்டை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று கேட்டால் வங்கிக்காரர்கள் வட்டி விகிதம் பேசுகிறார்கள், வக்கீல்கள் சட்டப் பிரிவுகளை அடுக்குகிறார்கள், ஏலத்தில் வீடு எடுப்பவர்கள் மார்க்கெட் விலை சொல்கிறார்கள். அந்த இரண்டாவது பெயருக்கு உரியவர்களிடம் கேட்டால், வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "எனக்குக் கடைசியிலதான் தெரியும்."

கோன் பெட்டிக்கு அடியில் மூன்று கவர்

திருப்பூரில் எட்டு பவர் டேபிள் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துவந்த குடும்பம் அது. கணவர் தையல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். மனைவிக்குச் செக்கிங், பேக்கிங். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு ஒன்றரை ஷிப்ட் ஓடிய யூனிட்டில் ஒரு ஷிப்டுக்கே வேலை இல்லாமல் போனது. வீட்டுக் கடன் தவணை ஒரு மாதம் நின்றது. அடுத்த மாதமும் நின்றது.

மனைவிக்கு விஷயம் தெரிந்தது வீட்டில் அல்ல. மகளிர் குழுக் கடனுக்கு விண்ணப்பித்த இடத்தில், "அக்கா, உங்க பேர்ல ஏற்கெனவே ஓவர்டியூ காட்டுதுங்களே" என்று ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். தன் பேரில் கடன் இருப்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடியவர், நூல் கோன் அடுக்கும் அட்டைப் பெட்டிக்கு அடியில் கவர்களைக் கண்டுபிடித்தார்.

"மூணு கவருங்க. அதுல ஒண்ணு எம் பேருக்கு வந்தது. அதக்கூடப் பிரிக்கல. ஏனுங்க, கையெழுத்துப் போட நான் வேணும், கட்டலைன்னு சொல்ல நான் வேண்டாமுங்களா?" என்கிறார்.

கணவர் தரப்பையும் கேட்டோம். "பயந்துக்குவான்னு சொல்லலீங்க. அடுத்த ஆர்டர் வந்தாச் சரிபண்ணிடலாம்னு இருந்தேன்." பக்கத்தில் நின்ற மனைவி விடவில்லை: "பயந்திருப்பேந்தான். ஆனா, மொத மாசமே ரெண்டு மிசினை வித்திருப்பேன்."

கடைசியில் அதைத்தான் செய்தார்கள். இரண்டு மெஷின், கூடவே அவருடைய நாலு பவுன். பாக்கி முழுவதையும் கட்டி, வீடு தப்பியது. ஆனால் மெஷின் முதல் மாதத்தில் போகும் விலைக்குப் போகவில்லை. திருப்பூரில் எல்லோரும் மெஷினை விற்கும் நேரத்தில் விற்கப் போனால் வேறு எப்படிப் போகும்?

பிந்தப் பிந்தக் குறையும் வழி

நடுவில் அவர்கள் இன்னொரு தப்புக் கணக்கும் போட்டிருந்தார்கள். கணவர் எங்கோ கடன் வாங்கி ஒரு தவணையைக் கட்டிவிட்டு, ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பியிருந்தார். கணக்கு என்.பி.ஏ. (வாராக் கடன்) ஆகிவிட்டால் ஒரு தவணை கட்டி வெளியே வர முடியாது. அசல், வட்டி பாக்கி மொத்தமும் கட்டினால்தான் கணக்கைப் பழைய நிலைக்கு மாற்றலாம் என்று 2021 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாக்கிவிட்டது.

வாராக் கடனுக்கு அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலேயே வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டம் 2002-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் போக்கைக் கவனித்தால் ஒன்று புரியும். கடன்தாரருக்கு உள்ள வழிகள் ஒரே நாளில் அடைபடுவதில்லை, தாமதம் கூடக் கூடக் குறைந்துகொண்டே வருகின்றன. தவணை தவறிய முதல் மாதத்தில் கிளைக்குப் போய், காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம். சில மாதங்களுக்குத் தவணையைக் குறைக்கச் சொல்லலாம். வீட்டை நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனை முடிக்கலாம். 90 நாள் தாண்டிக் கணக்கு என்.பி.ஏ. ஆகி, அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவின்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்துவிட்டால், வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அப்போதும் ஆட்சேபணைக் கடிதம் எழுதலாம், 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீனம் எடுத்த பிறகு, 45 நாளுக்குள் டி.ஆர்.டி. எனப்படும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் அவை இருக்கின்றன. அங்கே தோற்று மேல்முறையீடு செய்வதென்றால் கடனில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனது வைத்தால் அதைக் கால்வாசி வரை குறைக்கலாம்.

கடைசிக் கட்டம்தான் பலருக்கும் தெரியாதது. முன்பெல்லாம் ஏல நாள் வரை முழுப் பணத்தைக் கட்டி வீட்டை மீட்க அவகாசம் இருந்தது. 2016 திருத்தம் அதை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு நிறுத்திவிட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விளம்பரம் வந்த மறுநாள் மாமனாரோ மச்சானோ பணத்தோடு ஓடிவந்தாலும், மீட்கும் உரிமை கையில் இல்லை.

அதனால்தான் மறைத்து வைக்கும் முதல் மூன்று மாதம் ஏலத்தைவிடப் பெரிய சேதம் என்கிறோம்.

இரண்டாவது கையெழுத்து எப்படி வந்தது?

மறைப்பவர்கள் எல்லோரும் ஊதாரிகள் இல்லை. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. 7 சதவீத வட்டிக்கு 30 லட்சம் வாங்கி, 20 வருடத்தில் கட்டுவதாக இருந்தவருக்குத் தவணை சுமார் 23,260 ரூபாய். வட்டி 9.5 சதவீதமாக ஏறினால், புதிதாகக் கடன் வாங்கியவருக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,750. அதாவது பழைய தவணை வட்டிக்கே போதாது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது. நல்ல உத்தரவு. அந்தக் கேள்வி யாருக்குப் போகிறது? பெரும்பாலும் முதல் கடன்தாரரின் செல்போனுக்கு.

இங்கேதான் நமக்கு மனசு ஆறவில்லை. பெண்கள் பேரில் சொத்து இருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாகக் கேட்டோம், நியாயமாகத்தான் கேட்டோம். அரசும் செவி சாய்த்தது. 2022 மார்ச்சில் முடிந்த பழைய பிரதமர் வீட்டு வசதி வட்டி மானியத் திட்டத்தில், குறைந்த வருவாய்ப் பிரிவினர் புது வீடு வாங்கினால் குடும்பத் தலைவி உரிமையாளராகவோ கூட்டு உரிமையாளராகவோ இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பேரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. பெண் கடன்தாரர் என்றால் வட்டியில் சிறு தள்ளுபடி தரும் வங்கிகளும் உண்டு.

சலுகைக்காகப் பேர் சேர்ந்தது. பேர் சேர்ந்ததால் கையெழுத்தும் சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவர் வெறும் சாட்சி அல்ல, கடனுக்கு முழுப் பொறுப்பாளி என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கி, ஃபைலை மூடிவிடுகிறார்கள். வீடு போனால் வீடு மட்டும் போவதில்லை, அந்தப் பெண்ணின் கிரெடிட் ஸ்கோரும் போகிறது. பிறகு குழுக் கடன், பிள்ளையின் கல்விக் கடன் எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும்.

கோவையில் ஒரு வக்கீல் சொன்னது: கணவர் இறந்து ஒன்பது மாதமாக ஒரு பெண் டியூஷன் எடுத்துத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் காப்பீட்டைக் கடனோடு சேர்த்து ஒரே பிரீமியமாக எடுத்திருந்தது, அவர் கடன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் தெரிந்தது. அந்தத் தாளிலும் அவர் கையெழுத்து இருந்தது.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. கடன்தாரர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் 13(2) நோட்டீஸை ஒவ்வொருவருக்கும் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. தருகிறார்கள். ஆனால் விலாசம் ஒன்று. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்பவர் கையில்தான் இரண்டு கவரும் போகின்றன.

வாங்க உதவி, வைத்துக்கொள்ள?

அரசு உதவிகளைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கிராமத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் ஐந்து தவணைகளில் அதிகபட்சம் 1.80 லட்சம். எல்லாம் வீட்டுக்குள் குடிபோக உதவுபவை. குடியிருக்கும் வீட்டில் தவணை தடுமாறும்போது தாங்கிப் பிடிக்க நிரந்தரமாக ஒரு திட்டமும் இல்லை. கொரோனாவின்போது ஆறு மாத அவகாசமும், பிறகு கடன் மறுசீரமைப்பும் தந்தார்கள். நோய் போனது, அவையும் போயின.

அமெரிக்காவில் 1933-ல் அரசே ஒரு கழகம் தொடங்கி, மூழ்கவிருந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கடன்களை எடுத்துக்கொண்டு, நீண்ட காலத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. 2021-ல் தவணை பாக்கி, சொத்து வரி, மின்கட்டணம் வரை கட்டித்தர ஏறத்தாழ 1,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மாகாணத்திலேயே 1936-ல் கடன் சமரசச் சட்டம் வந்தது. கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரு வாரியத்தின் முன்னால் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் ஏற்பாடு அது.

டெபாசிட் போட்டவர்களின் பணத்தைத்தானே கடனாகக் கொடுக்கிறோம், வசூலில் இளகினால் ஒழுங்காகக் கட்டுபவருக்கும் வட்டி ஏறும் என்று வங்கித் தரப்பில் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நாம் கேட்பது தள்ளுபடி அல்ல, தகவல். செலவில்லாத காரியம். முதல் தவணை தவறிய நாளிலேயே இணைக் கடன்தாரரின் எண்ணுக்கும் தமிழில் குறுஞ்செய்தி போகட்டும். இரண்டாவது மாதம் அவருக்கு நேரடியாக ஒரு போன். கடன் கொடுக்கும்போதே, அவருடைய சொந்த எண்ணை, கணவர் எண்ணை அல்ல, வாங்கிப் பதியட்டும்.

தவணை தவறிவிட்டதா?

• கிளைக்கு எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

• அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கணக்கு அறிக்கை வாங்கிச் சரிபாருங்கள்.

• வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது.

• புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை.

• மொத்தக் கடனில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் சர்ஃபேசி பாயாது. விவசாய நிலத்துக்கும் பாயாது.

• ஓ.டி.எஸ். (ஒரே முறையில் பேசித் தீர்க்கும் தொகை) ஒப்புக்கொண்டால் கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிந்தால் அதன் மேல் மேல்முறையீடு கிடையாது.

• ஏலத்தில் கடனும் செலவும் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் கணவர்களுக்குச் சொல்வதைவிட மனைவிகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணும் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். ஆண் கேட்டால் வருமான வரம்பு போன்ற தகுதிகளைப் பார்ப்பார்கள். இணைக் கடன்தாரர் என்பதால் ஆட்சேபணைக் கடிதம் எழுதவும், தீர்ப்பாயத்துக்குப் போகவும், கிளை மேலாளர் எதிரே உட்கார்ந்து கால நீட்டிப்பு கேட்கவும் அவருக்கு முழு உரிமை இருக்கிறது. கடனில் அவரைச் சிக்கவைத்த அதே கையெழுத்துதான் இந்த உரிமையையும் தருகிறது. ஆகவே கணவன்மார்களே, தவணை தவறினால் மெஷினையோ நகையையோ பற்றி யோசிக்கும் முன், அன்று ராத்திரியே அவரிடம் சொல்லிவிடுங்கள். வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்காமலேயே இலவசமாக வக்கீல் வைக்க முடிந்தவர் அவர்தான்.