மாதுங்காவில் ஓர் இலைச் சாப்பாடு

வேலையின் பொருட்டு வெளியூரில் தனித்திருப்பவனுக்கு ஊர் நினைவு முதலில் எழுவது நாவில்தான். மும்பை மாதுங்காவில் குடியேறிய தமிழர் பலருக்கு அக்குறையைத் தீர்த்தவை உடுப்பி உணவகங்கள். ரயில் நிலையத்தருகே 1942-இல் ஏ. ராம நாயக் தொடங்கிய விடுதியில் இன்றும் வாழையிலைச் சாப்பாடு உண்டு.

இவ்வுணவகங்களின் சமையல், உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலையும் அதனைச் சார்ந்த எட்டு மடங்களையும் ஒட்டி வளர்ந்தது. அம்மரபில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. சாம்பாரில் சிறிது வெல்லம் சேரும். “சாம்பார் இனிக்கிறதே!” என்று முதல் நாள் நாம் முகஞ்சுளிப்பது இதனால்தான்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். நம் இலையில் ரசமும் மோரும் வார்த்தவர், துளுவும் கன்னடமும் கொங்கணியும் பேசுவோர். நம்மைப் போன்றே பிழைப்பு நாடி ஊரை விட்டு வந்தவர். அடுத்த முறை அங்கு உண்ண அமர்கையில் வெல்லத்தைக் குறை கூறாதிருப்போம். அது அவருடைய ஊர் நினைவு.