உங்களுக்குத் தெரியுமா? ஐ.சி.யூ.வை விட்டு வந்தபின்னும் தொடரும் பாதிப்பு
தீவிர சிகிச்சையில் பிழைத்த குழந்தைக்கு உடல் வலு, நினைவாற்றல், மனநிலை, பிறரோடு பழகுவது எல்லாவற்றிலும் பாதிப்பு ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கலாம். பெற்றோரின் பதற்றமும் உடன்பிறந்தவர்களின் தவிப்பும் இதில் சேரும். பல குழந்தைகள் நன்றாகவே தேறிவிடுகிறார்கள், உண்மைதான். பின்தங்குபவர்களுக்கு முன்பே இருந்த நோய்தான் காரணம் என்றும் சொல்வார்கள். ஆனால் பெல்ஜியம், நெதர்லாந்து, கனடாவில் 1,440 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடந்த பெப்பானிக் ஆய்வைப் பாருங்கள். இரத்தக்குழாய் வழியே ஊட்டச்சத்து ஏற்றுவதை ஒரு வாரம் தள்ளிப்போட்ட பிரிவினர் விரைவில் தேறினார்கள் என்று 2016-இல் முடிவு வந்தது. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, தன்னைக் கட்டுப்படுத்தும் திறனிலும் அவர்களே மேலாக இருந்தார்கள். குலுக்கிப் பிரித்ததால், இந்த வித்தியாசத்துக்குப் பழைய நோயைக் காரணம் சொல்ல முடியாது. வார்டில் எடுக்கும் முடிவு வீடுவரை வருகிறது.

அப்படியானால் கண்காணிப்பும் வீடுவரை வர வேண்டும். பெரிய சிகிச்சைக்குக் கடல் தாண்ட நேரும் அந்தமானின் கராச்சர்மா போன்ற ஊருக்கு இது மிக அவசியம். தீவில் அதற்கு வசதி ஏது என்று கேட்கலாம். எடை, நடை, தூக்கம், படிப்பு பற்றி விசாரிக்கப் பெரிய கருவி எதற்கு? 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டப் பரிசோதனையில், ‘ஐ.சி.யூ.வில் இருந்ததுண்டா?’ என்று தவறாமல் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.