தோல் எது, குடம் எது: நனைஞ்ச கிட்டாரைச் சரி பண்ணலாமா?

உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒண்ணு கிடக்கலாம். எங்க மாமா வீட்டுல கிடந்தது, 1960-களில் டைஸ்கோ என்ற ஜப்பான் கம்பெனி செஞ்ச எலெக்ட்ரிக் கிட்டார். சிங்கப்பூர்லேர்ந்து வந்தது, மெல்லிசைக் குழுவோட திருவிழா மேடை பல பார்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறினப்போ திருத்துறைப்பூண்டியில் அந்த வீட்டு ஓடெல்லாம் பறந்துடுச்சு. ஊரே கரண்ட் இல்லாம கிடந்த நேரத்தில் கிட்டாரை யார் நினைப்பாங்க? பல வருஷம் கழிச்சு எடுத்தா, பாடி ஓரத்தில் பிளைவுட் ஏடு ஏடா பிரிஞ்சிருக்கு, கம்பியெல்லாம் துரு.

சரி பண்ணலாமா, விட்டுடலாமா?

எங்க ஊர் கோயில்லயே இதுக்கு ஒரு வழி இருக்கு. பஞ்சமுக வாத்தியம், அதாவது குடமுழா, கேள்விப்பட்டிருப்பீங்க. திருவாரூரிலும் திருத்துறைப்பூண்டியிலும் இருக்கிற அபூர்வமான வாத்தியம். ஒரே வெண்கலக் குடம், அதுக்கு அஞ்சு வாய், ஒவ்வொண்ணுக்கும் தோல் போர்த்தியிருக்கும். தோல் கிழியும், மாத்துவாங்க. அதனால அசல் போச்சுன்னு யாரும் அழறதில்லை. குடத்தில் கை வெச்சாதான் பிரச்சினை. தஞ்சாவூர் வீணையும் இப்படித்தான். மெழுகு தேய்ஞ்சா புதுசா மேளம் கட்டுவாங்க, பலாக்கட்டை அப்படியே இருக்கும்.

கிட்டாரில் கம்பி, ஃப்ரெட், நட், வால்யூம் பாட், ஜாக், உள் வயரிங் இதெல்லாம் தோல். பாடி, நெக், பிக்கப், மேல் பூச்சு இதெல்லாம் குடம். ஆனா ஒரு சிக்கல். விண்டேஜ் சந்தையில் தோலுக்கும் விலை உண்டு. பழைய அமெரிக்க பாட்ல குத்தியிருக்கிற எண்ணை வெச்சே கிட்டார் வயசைக் கணிப்பாங்க. உதாரணமா 1376612-ன்னு இருந்தா 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 வருஷம், 12 வாரம். அதனால எதைக் கழட்டினாலும் தூக்கிப் போடாதீங்க, ஒரு டப்பாவில் போட்டு வைங்க. பூச்சு விஷயத்தில் இன்னும் கறார். அசல் பூச்சைச் சுரண்டிப் புதுசா அடிச்சா விலை ஏறக்குறைய பாதியாகும்னு சந்தையில் ஒரு கணக்கு உண்டு. பளபளன்னு ஆக்கணும்னு கை துறுதுறுன்னு வரும். அடக்கிக்கோங்க.

முதல்ல நெக்கைப் பாருங்க. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவிசை கொடுக்கும், அதைத் தாங்கறது அந்த ஒத்தை மரத்துண்டு. கண்ணுக்கு நேரா பிடிச்சு நுனியிலேர்ந்து பாருங்க. வளைவுன்னா ட்ரஸ் ராடால் சரி பண்ணலாம், முறுக்கிக்கிட்டிருந்தா கஷ்டம். துருப்பிடிச்ச ட்ரஸ் ராடை பலத்தைக் காட்டித் திருகாதீங்க. எண்ணெய் விட்டு ஊற வைங்க. உடைஞ்சா ஃப்ரெட்போர்டையே பெயர்த்து எடுக்கணும். ஈரம் இன்னும் இருந்தா நிழலில், மெதுவா காயணும். 2010 மே மாசம் கம்பர்லாண்ட் ஆறு பெருகி நாஷ்வில்லில் சவுண்ட்செக் கிடங்கு மூழ்கினப்போ வின்ஸ் கில், கீத் அர்பன் மாதிரி ஆளுங்களோட கிட்டாரெல்லாம் தண்ணிக்குள்ள கிடந்தது. வெள்ளம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

அடுத்து பிக்கப். இங்கதான் நம்ம லேப் மல்டிமீட்டருக்கு வேலை. 0.06 மி.மீ. அளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தியிருப்பாங்க. ஒரு இடத்தில் பச்சை பூத்து அறுந்தாலும் முடிஞ்சது. பழைய சிங்கிள் காயில்னா பொதுவா 5-லேர்ந்து 8 கிலோ ஓம் வரும். அளக்கும் முன்னாடி ஒரு வயரையாவது பாட்லேர்ந்து கழட்டிடுங்க. இல்லேன்னா காயில் அறுந்திருந்தாலும் பாட்டோட 250, 500 கிலோ ஓம் தான் காட்டும். உயிரோட இருக்குன்னு நாம ஏமாந்துடுவோம்.

மாமா கிட்டாரில் ரெண்டு பிக்கப். ஒண்ணு செத்துப் போச்சு, ஒண்ணு 6.2 காட்டுது. ரெண்டும் கோல்டு ஃபாயில் வகை. ரை கூடர் தன் ஸ்ட்ராட்ல டைஸ்கோ பிக்கப் மாட்டின பிறகு இதுக்குத் தனி மவுசு. அதை மட்டும் கழட்டிக் கொடுங்கன்னு ஒருத்தர் கேட்டாரு. கணக்கா பார்த்தா அதுதான் லாபம். முழுசா புதுப்பிக்கிற கூலியில் புது கிட்டாரே வாங்கிடலாம்.

ஆனா மாமாவுக்கு விலை முக்கியமில்லை. ஒரு தடவை சத்தம் கேட்கணும், அவ்வளவுதான். எதுக்காகச் சரி பண்றோம்னு தெரிஞ்சதும் மீதி முடிவு தானா வந்துடுச்சு. 1968-ல் மயாமி விழாவில் ஹெண்ட்ரிக்ஸ் எரிச்சதா சொல்ற ஸ்ட்ராட், ஃபிராங்க் சாப்பா கைக்கு வந்தப்போ அவர் வேற நெக் மாட்டி வாசிச்சாரு, கருகின பாடியை மறைக்கலை. நாங்களும் அதே மாதிரி பிரிஞ்ச பிளைவுட்டுக்கு பசை போட்டு கிளாம்ப் பண்றோம். புது பாட், புது ஜாக், புது கம்பி. செத்த பிக்கப் அதே இடத்தில் இருக்கும், காயில் சுத்தித் தர ஆள் கிடைச்சா பார்த்துக்கலாம். பாடியில் இருக்கிற தண்ணிக் கறையைத் தொடப்போறதில்லை.

கழட்டின சாமானைப் போட்ட பிஸ்கட் டப்பாவை எங்க வைக்கிறதுன்னு கேட்டேன். "எங்க வேணா வை மாப்ள, பரண்ல மட்டும் வேணாம்"னாரு மாமா.