மருத்துவமனையிலிருந்து தாய்க்கு ஒரு கடிதம்

பிழைப்பின் நிமித்தம் வீட்டைவிட்டுத் தூரத்தில் வாழும் பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால், அதைத் தாய்க்கு எவ்விதம் அறிவிப்பது? சிறுவர் நூல்களால் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ரோல்ட் டாலின் வாழ்க்கை இதற்கு ஒரு விடை தருகிறது.

நார்வே நாட்டுப் பெற்றோருக்கு 1916இல் வேல்ஸில் பிறந்த அவர், மூன்று வயதிலேயே தகப்பனை இழந்தார். 1925இல் விடுதிப் பள்ளிக்குச் சென்ற நாள்முதல் தாய்க்கு வாரந்தோறும் கடிதம் எழுதினார். 1938இல் வேலைக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றபின்பும் கடிதங்கள் நின்றுபோகவில்லை.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அவர் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தார். 1940 செப்டம்பர் 19ஆம் தேதி, தமது படைப்பிரிவை அடையும்படி தனியே பறந்தார். இறங்கவேண்டிய தளம் தென்படவில்லை, பொழுது சாய்ந்தது, எரிபொருளும் குறைந்தது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் இறங்க முயன்றபோது விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. தலையில் பலத்த அடியோடும் நசுங்கிய மூக்கோடும் அவர் தவழ்ந்து வெளியேறினார். வீக்கத்தினால் கண்கள் பல வாரங்கள் திறக்கவில்லை.

நவம்பர் 20ஆம் தேதி, அலெக்சாந்திரியா மருத்துவமனையிலிருந்து தாய்க்கு எழுதினார். இரண்டு மணி நேரம் எழுந்திருந்ததையும் குளித்ததையுமே முதலில் சொன்னார். அதன்பின்னரே ஏழு வாரம் படுத்துக் கிடந்ததையும், கண்களின் நிலையையும், மூக்கு சீர்செய்யப்பட்டதையும் ஏறக்குறைய வேடிக்கைபோல விவரித்தார். அந்நாட்களில் இங்கிலாந்தின்மேலும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. காயத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் தாயின் பாரத்தைக் கூட்டவுமில்லை.

1941இல் கிரேக்க நாட்டில் போரிட்டார். பின்பு தலைவலியும் மயக்கமும் தொடர்ந்ததால், அவ்வாண்டிலேயே வீட்டிற்கு அனுப்பப்பட்டார்.

1967இல் தாய் மரணப்படுக்கையில் இருந்தபோது, மகனோ முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். தாய் தம் கட்டிலருகே தொலைபேசி இணைப்பை வரவழைத்து, மகனோடு கடைசியாகப் பேசினார். தாம் மரிக்கப்போவதைச் சொல்லவில்லை. மறுநாள் மரித்தார்.

அதன்பின்பே ஓர் இரகசியம் வெளிப்பட்டது. 1925முதல் 1945வரை மகன் எழுதிய 600க்கும் அதிகமான கடிதங்களைத் தாய் உறைகளோடு அடுக்கி, பச்சை நாடாவினால் கட்டி வைத்திருந்தார்!

அருமையானவர்களே, இன்று நம் கைப்பேசியில் ஊர்ச்செய்தி நொடியில் வருகிறது. ஆயினும் பேச்சு காற்றோடு போய்விடும்; எழுத்தோ நிலைத்திருக்கும். இந்த வாரம் ஒரு தாளை எடுங்கள். உங்கள் சுகத்தையும் துக்கத்தையும் உள்ளபடி, இதமாக, ஊரிலுள்ள உங்கள் தாய்க்கு எழுதுங்கள். அவர் அதை எங்கே பத்திரப்படுத்துவார் என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.