வெள்ளத்தை முந்தும் செய்தி

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்ப்சன் என்னும் சிற்றாறு, செங்குத்தான பாறைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே ஓடுகின்றது. 1976ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் மாலை, அதன் மேற்பகுதியில் சில மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. விடுமுறையைக் கழிக்க வந்தோர் பலர் கீழ்ப்பகுதியில் தங்கியிருந்தனர். அங்கே அத்தகைய பெருமழை இல்லை. ஆதலின் மேலே நிகழ்ந்ததை அவர்கள் அறிந்திலர். அவ்வெள்ளத்தில் மாண்டோர் 144 பேர்.

மலைமேல் பெய்யும் மழையைக் கீழே உள்ளோர்க்கு உடனே அறிவிப்பது எங்ஙனம்? கலிபோர்னியாவில் அந்நாட்டு வானிலைத் துறையினர் 1970களில் இதற்கென ஒரு முறையை வகுத்தனர். ‘அலர்ட்’ என்பது அதன் பெயர். பின்னர் அது கொலராடோ முதலிய மாநிலங்களுக்கும் பரவிற்று.

மலைச்சரிவில் நாட்டிய ஓர் உருளையினுள் ஏற்றப்பலகை போல ஆடும் இரட்டைக் கிண்ணம் ஒன்று உண்டு. 1 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் சேர்ந்ததும் அது ஒருபுறம் கவிழும். உடனே அருகிலுள்ள வானொலிக் கருவி, தன் நிலைய எண்ணையும் கிண்ணம் அதுவரை கவிழ்ந்த மொத்தத் தொகையையும் ஒரு நொடிக்குள் அனுப்பிவிடும். மொத்தத்தைக் கூறுவதில்தான் நுட்பம் உள்ளது. 40க்குப் பின் 42 என்று வந்தால், இடையில் 41 வழியில் அழிந்தது என அறியலாம். ஆயினும் மழைக்கணக்கில் பிழை நேராது.

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலே செல்வன. குறுக்கே மலை நின்றால் தடைப்படும். எனவே உயர்ந்த முகடுகளில் மறுபரப்பு நிலையங்களை அமைக்கின்றனர். அவை செய்தியைக் கேட்டு மீண்டும் ஒலிபரப்பும். எந்தெந்த எண்ணுடைய நிலையங்களின் செய்தியை அனுப்ப வேண்டும் என்ற பட்டியலை முன்னரே அவற்றில் பதித்து வைத்தல் வேண்டும். இல்லையேல், ஒரு முகடு கூறியதை மற்றொன்று கூற, அதனை முதலாவது மீண்டும் கூற, இரு கிளிகளின் உரையாடல் போல அது முடிவின்றி நீளும்!

இம்முறையில் ஒரு குறை உண்டு. இரு கருவிகள் ஒரே நொடியில் பேசினால் இரண்டும் குழம்பும். மழை வலுக்க வலுக்கக் கிண்ணங்கள் விரைந்து கவிழும்; குழப்பமும் மிகும். செய்தி மிகத் தேவையான வேளையில்தான் அது மிகுதியாக இழக்கப்படுகின்றது. பின்னர் வந்த ‘அலர்ட் 2’ முறையில், செயற்கைக் கோள்களின் துணையால் கடிகாரங்களை ஒன்றுபடுத்தி, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி நேரம் வகுத்துள்ளனர்.

மழை இல்லாத நாளில் கருவி வாளாவிருக்கும். பழுதுற்ற கருவியும் வாளாவிருக்கும். இவ்விரு மௌனங்களையும் எவ்வாறு பிரித்தறிவது? மழை இல்லாவிடினும் குறித்த மணிக்கொருமுறை, ‘இருக்கின்றேன்’ என்பது போலக் கருவி செய்தி அனுப்புமாறு அமைத்துள்ளனர். அதனுடன் மின்கலத்தின் வோல்ட் அளவும் வரும். பகலில் கதிரவன் ஒளியால் ஏறும் மின்னாற்றல், இரவுதோறும் முன்னிலும் தாழ்ந்து வருமாயின், மின்கலம் முதுமையுற்றது என்று கண்காணிப்போர் உணர்வர். மழைக்காலம் தொடங்குமுன், புதிய மின்கலத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் மலையேறுவார்.